துணி மடிக்கும் பாட்டு

குமாசி,
மே 9.

அன்புள்ள யாவ் மாமாவுக்கு,

அஃப்ரியே எழுதுவது. உங்களுக்கும் அத்தைக்கும் வணக்கம். உங்கள் போன் கடலை சூப்பில் விழுந்துவிட்டதாக அத்தை சொன்னார்கள். அத்தையின் போனில் எத்தனை முறை கூப்பிட்டாலும் அதே சூப்தான் பதில். அதனால் இதை ஆட்டா அண்ணனின் டெச்சிமான் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். 'பொறாமைக்காரனே, என் டயரை எண்ணிக்கொள்' என்று முதுகில் எழுதிய பச்சை வண்டி. பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

அம்மா இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறாள். நிமோனியா காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் மூச்சை இன்னும் மெஷின்தான் விடுகிறது. இனி அவளே விடப் பழக வேண்டும். அதற்கு மயக்க மருந்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் விழிக்கிறாள். விழித்ததும் பயம் வந்துவிடுகிறது. தொண்டையில் குழாய், பேச முடியாது, எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. இதயம் குதிரை மாதிரி ஓடுகிறது. மெஷின் உள்ளே தள்ளும்போது அவள் வெளியே தள்ளுகிறாள். மறுபடி மருந்தை ஏற்றித் தூங்க வைக்கிறோம். இப்படியே போகிறது.

எங்கள் வார்டில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. நோயாளிகளுக்குக் காலையும் மாலையும் அரை மணி நேரம் ஹெட்போனில் பாட்டுப் போடுகிறோம். அவரவருக்குப் பிடித்த பாட்டு. வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது மாமா. பயம் குறைகிறது, நாடி இறங்குகிறது, மருந்தும் கொஞ்சமே போதுமாகிறது. பக்கத்துக் கட்டிலில் ஒரு டாக்ஸிக்காரர். அவர் வண்டியில் போடும் பாட்டையே போட்டோம். படுத்தபடியே ஸ்டியரிங் பிடிப்பது போல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.

அம்மாவுக்கும் போட்டேன். வேறு என்ன போடுவேன்? முப்பது வருஷமாக அவள் நடத்துகிற சபைப் பாடகர் குழுவின் அறுவடைத் திருநாள் பாட்டுகளைத்தான் போட்டேன். முதல் பாட்டுக்கே நாடி எகிறியது. வலது கை எழுந்து காற்றை வெட்டியது. ஊசி பிய்ந்து படுக்கையெல்லாம் ரத்தம். கடைசியில் இரண்டு கையையும் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்ட வேண்டியதாயிற்று. எங்கள் வார்டில் இது சாதாரணம். எத்தனையோ பேருக்கு நானே கட்டியிருக்கிறேன். சொந்த அம்மாவுக்கு நான் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று விதி இருப்பதால் வேறு நர்ஸ்தான் கட்டினாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொடுத்தது நான்.

வரும் வாரத்துக்குள் அவளே மூச்சுவிடவில்லை என்றால் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். பாடுகிறவளின் கழுத்து, மாமா.

அவளோடு பிறந்தவர் நீங்கள் ஒருவர்தான். அவள் எதைக் கேட்டால் நிம்மதியாக இருப்பாள்? தெரிந்தால் அனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. ஏன் இன்னும் வரவில்லை?

உங்கள் மருமகள்,
அஃப்ரியே.



டெச்சிமான்,
மே 11.

வானத்தில் இடம் போதாமல் பூமிக்கு இறக்கப்பட்ட நட்சத்திரமும், ஊசி முனையில் உயிர்களைத் தாங்குபவளுமான என் மருமகள் அஃப்ரியேவுக்கு, எக்காளச் சக்கரவர்த்தி, ஆயிரம் இழவு வீடுகளின் நாயகன், ஒரே ஊதலில் மாமரத்தின் காயையும் அணிலையும் சேர்த்து உதிர்த்தவன், யாவ் பெடியாக்கோ எழுதிக்கொண்டது.

அடி அசட்டுப் பெண்ணே! படிப்பு உனக்கு எல்லாம் கொடுத்தது, இதை மட்டும் கொடுக்கவில்லையே. சமையல்காரிக்கு உடம்பு சரியில்லை என்றால் அவள் தலைமாட்டில் அடுப்பு மூட்டுவாயா? உன் அம்மாவின் காதில் அவளுடைய குழுவையே போட்டிருக்கிறாய்! அந்தக் குழுவில் எஸ்தர் ஒபெங் கீழ்க்குரல் பாடுகிறாள் என்பது உனக்குத் தெரியாதா? போன அறுவடைத் திருநாளில் எஸ்தர் அரைச் சுருதி இறங்கினாள். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பீடத்து மெழுகுவத்தி அணைந்தது. பாதிரியார் பிரசங்கத்தின் இரண்டாம் பகுதியை மறந்துபோனார். நானே சாட்சி. நடமாடும்போதே இப்படி என்றால், எழுந்து அதட்ட முடியாமல் தொண்டையில் குழாயோடு கிடப்பவள் எஸ்தரைக் கேட்டு என்ன பாடுபட்டிருப்பாள்! அந்தக் கை காற்றை வெட்டியது என்றாயே, அது வலிப்பில்லை. 'மேலே ஏறு, மேலே ஏறு' என்று எஸ்தருக்குச் சொன்னது.

போகட்டும். வைத்தியன் வந்துவிட்டான்.

ஆட்டாவிடம் ஒரு பென்டிரைவ் கொடுத்திருக்கிறேன். உறையில் போட்டுக் கோந்தால் ஒட்டியிருக்கிறேன், இல்லாவிட்டால் அவன் வழியில் கேட்டே தேய்த்துவிடுவான். அதில் 'பெடியாக்கோ சகோதரர்கள்' இசைக்குழுவின் ஏழு பாட்டுகள் இருக்கின்றன. எனக்குச் சகோதரர்களே கிடையாது என்பது பழைய கதை. உன் அம்மா என் ட்ரம்பெட்டை வாயால் புகழ்ந்ததில்லை. 'ஆடு கத்துது'ன்னுதான் சொல்லுவாள். ஆனால் உள்ளுக்குள் உருகுவாள். தம்பி அறியாத அக்காவா? கடைசிப் பாட்டை மட்டும் அவள் முழுசாகக் கேட்கும்படி பார்த்துக்கொள். அதில் நான் ஊதியிருப்பது மனித மூச்சே இல்லை. பதிவு செய்த பையன் அழுதுவிட்டான். கூலி அதிகம் கேட்பதற்காக அழுதான் என்று அத்தை சொல்கிறாள். அவளுக்கு என்றைக்குக் கலை புரிந்தது?

ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். இங்கே பெய்யும் மழையில் நோவாவே படகைத் திருப்பிக்கொண்டு போனார். அது போதாது என்றால், ஆடு குட்டி போடப் போகிறது. அதுவும் போதாது என்றால், சனிக்கிழமை ஒரு தலைவரின் அடக்கம், நான் ஊதாமல் அவர் பெட்டிக்குள் படுக்க மாட்டேன் என்கிறார். இதில் உனக்கு எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்.

அக்காவின் காதில் சொல்: 'ஆடு கத்துது, கேளு.'

உன் மாமன்,
யாவ் பெடியாக்கோ,
காற்றையே சம்பளத்துக்கு வைத்திருப்பவன்.



குமாசி,
மே 14.

மாமாவுக்கு,

உங்கள் பாட்டைப் போட்டேன்.

ஆறாவது பாட்டு வரை நன்றாகத்தான் இருந்தது. நாடி கொஞ்சம் இறங்கக்கூட இறங்கியது. எங்கள் தலைமை நர்ஸ் மிஸஸ் டெட்டே என் முதுகில் தட்டிவிட்டு, "உங்க மாமாவுக்கு ஒரு கோழி வாங்கி அனுப்பு" என்றார்.

ஏழாவது பாட்டு தொடங்கியது. அம்மா கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு தன்மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள். கண்ணீர் வழிந்து ஹெட்போனுக்குள் போனது. அதற்கப்புறம் நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. குழாயைக் கடித்தாள். கட்டு அறுந்துவிடும் போல இழுத்தாள். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் கத்தின. நாலு பேர் பிடிக்க வேண்டியதாயிற்று. மருந்தை முன்னைவிட அதிகமாக ஏற்றினார்கள். இவ்வளவு நாள் பட்ட பாடு ஒரே பாட்டில் போயிற்று.

"இந்த நோயாளிக்கு இனிமே பாட்டு கிடையாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஸஸ் டெட்டேவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவை. அதுவும் தப்பாச்சுன்னா என்னைக் கேக்காத" என்றார். திங்கட்கிழமை கழுத்தில் துளை போட நாள் குறித்திருக்கிறார்கள்.

அது என்ன பாட்டு, மாமா? அலங்காரம் வேண்டாம், நோவா வேண்டாம். உண்மையை மட்டும் எழுதுங்கள். நீங்கள் சொன்னதை நம்பி என் கையாலேயே அவள் காதில் மாட்டினேன். அவள் பயந்து தேடியபோது எதிரே தெரிந்த முகம் என்னுடையது.

அஃப்ரியே.



டெச்சிமான்,
மே 15.

அஃப்ரியே,

அது துணி மடிக்கும் பாட்டு.

நீ படிக்கப் போன பிறகு நான் கட்டியது, அதனால் உனக்குத் தெரியாது. இழவு வீட்டில், கட்டிலில் அலங்கரித்துக் கிடத்தியவரைத் தூக்கிப் பெட்டியில் வைப்பார்கள் இல்லையா? அவர்மேல் போர்த்திய வெள்ளைத் துணியைப் பெண்கள் நாலு மூலையும் பிடித்து மடிப்பார்கள். அப்போது ஊதுவது. டெச்சிமானில் அந்தப் பாட்டு கேட்டால் ஒரே ஒரு அர்த்தம்தான்.

இன்னும் இருக்கிறது. ஈஸ்டருக்கு அக்கா வீட்டில் ஃபூஃபூ சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று சொன்னாள்:

"யாவ், எனக்கும் அந்தத் துணி மடிக்கிற பாட்டையே ஊது. ஆனா குடிச்சுட்டு வந்து நிக்காத."

"நீ செத்தா நான் எப்படிக்கா நிதானமா நிப்பேன்?"

"அப்ப இன்னைக்கே பழகிக்க. இன்னொண்ணு, ரெண்டாவது வரில நீ எப்பவும் ஓடுற. என் பெட்டி என்ன பஸ்ஸா புடிக்கப் போகுது?"

சிரித்தோம். சூப் மூக்கில் ஏறிவிட்டது எனக்கு. சத்தியமும் செய்துகொடுத்தேன்.

அந்தப் பாட்டைத்தான் அனுப்பினேன். ஏன் தெரியுமா? பதிவு நன்றாக வந்திருந்தது. காரணம் அவ்வளவுதான். ஏழு பாட்டையும் பொறுக்கும்போது அக்காவை ஒரு நிமிஷம் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் என் ஊதலைக் கேட்டு, 'யாரு இது?' என்று உன்னைக் கேட்பார்கள் என்று நினைத்தேன். கை கட்டியிருக்கிறது, வாயில் சத்தம் இல்லை, மேலே வெள்ளைத் துணி, காதில் தம்பி அவள் அடக்கத்தை ஊதுகிறான். அக்காவை உயிரோடு புதைத்தவன் நான். நீ மாட்டியது வெறும் ஹெட்போன். உன்மேல் எந்தப் பழியும் இல்லை.

போன் சூப்பில் விழவில்லை. இதோ மேசைமேல் இருக்கிறது. அத்தையைக் கெஞ்சிப் பொய் சொல்ல வைத்தேன். போனில் பேசினால் என் குரல் நடுங்குவது உனக்குக் கேட்டுவிடும். ஆடு போன மாதமே குட்டி போட்டுவிட்டது. நான் வராததற்குக் காரணம் வேறு. நான் போய் நிற்கிற வாசலில் எல்லாம் யாராவது செத்திருக்கிறார்கள், அஃப்ரியே. முப்பது வருஷமாக அப்படித்தான். உன் வார்டு வாசலிலும் போய் நின்றால் கணக்குச் சரியாகிவிடுமோ என்று பயந்தேன். பெரிய சக்கரவர்த்தி!

உன் கடிதம் வந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். ரேடியோவைத் திருப்பிப் பார்த்தேன், அவள் எதைக் கேட்பாள் என்று கண்டுபிடிக்க. ரேடியோவில் பேட்டரியே இல்லை. கோழிகளைக் கேட்டேன், அவையும் சொல்லவில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் சோறும் பயறும் விற்கிற மைமுனா எட்டிப் பார்த்தாள்.

"என்ன பெரியவரே, திருடுறதுன்னா ராத்திரில வரணும்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பாட்டா? உங்கக்கா வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க முத்தத்துலதான இருப்பாங்க. ஸலிஃபு கின்னரி வாசிக்க வருவாரு. ஓரமா ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவாங்க."

"எங்கக்காவா? சபைப் பாட்டு வாத்தியாரா? உங்க தெருவுலயா?"

"கண்ணை மூடிக்கிட்டு. கை மடில கெடக்கும். அசையாது."

அஃப்ரியே, உன் அம்மாவின் கை அசையாமல் கிடந்து நான் பார்த்ததே இல்லை. தூக்கத்தில்கூட தாளம் போடுவாள்.

"நான் ஒரு நாள் கேட்டேன்," என்றாள் மைமுனா. "'இந்த வடக்கத்திப் பாட்டுல உங்களுக்கு என்னம்மா புரியும்'னு. 'ஒண்ணும் புரியாது மைமுனா. இதுல எது சரி, எது தப்புன்னே எனக்குத் தெரியாது. அதான் வர்றேன்'னாங்க."

ஸலிஃபுவை உனக்கு ஞாபகம் இருக்கும். சுரைக்குடுக்கையில் உடும்புத் தோல் இழுத்துக் கட்டி, குதிரை வால் மயிர் ஒன்றை மாட்டி, அதை இன்னொரு குதிரை மயிரால் தேய்த்துக்கொண்டு பெருநாள் சமயத்தில் தெருத்தெருவாகப் போவானே, அவன்தான். போன வருஷம் சந்தையில் எல்லோர் முன்னாலும் 'கொசுவுக்குத் தொண்டை கட்டின மாதிரி இருக்கு'ன்னு நான் சொன்னது அவனைப் பற்றித்தான். நேரே அவன் வீட்டுக்குப் போய் நின்றேன். ஆசாமி பாயில் சாய்ந்து கோலாக் கொட்டை மென்றுகொண்டிருந்தான். என்னைவிடப் பெரிய அகம்பாவி.

"யாரு, ட்ரம்பெட்டா? யாரு செத்தா?"

"யாரும் சாகக்கூடாதுன்னுதான் வந்தேன்."

முழுசாகக் கேட்டான். மெதுவாகத் துப்பினான்.

"வாசிக்கிறேன். உங்கக்கா நல்ல காது. ஆனா அதுக்கு முன்னாடி கொசுவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். உள்ள இருந்து என் ரெண்டு பொண்டாட்டியையும் கூப்பிடுறேன், இரு."

கூப்பிட்டான். பிள்ளைகளையும் கூப்பிட்டான். பக்கத்து வீட்டுக்காரனும் வேலியில் ஏறி நின்றான். நான், ஒரே ஊதலில் அணிலை உதிர்த்தவன், சொன்னேன்: "ஸலிஃபுவோட கின்னரி கொசு இல்ல. கொசு நான்தான்." அவன் பெண்டாட்டிகள் கைதட்டினார்கள்.

மைமுனா முற்றத்தில், அதே ஸ்டூல் இருக்கும் இடத்தில் போனை வைத்துப் பதிவு செய்தேன். அரை மணி நேரம் வாசித்துக்கொண்டே பாடினான்.

"என்ன பாடுன?" என்றேன்.

"உங்கக்கா யானையோட பேத்தி, அவ நடந்தா புல்லு வழி விடும்னு பாடுனேன். நடுவுல உன்னைப் பத்தியும் ஒரு வரி."

"என்ன வரி?"

"அது உனக்கெதுக்கு?"

பதிவை இந்தக் கடிதத்தோடு ஆட்டாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைசியில் ஓர் இருமல் கேட்கும். மன்னித்துக்கொள். அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்து எனக்குப் பழக்கமில்லை.

இது தப்பாகிவிட்டால் எனக்கு எழுத வேண்டாம்.

யாவ் மாமா.



குமாசி,
மே 20.

அன்புள்ள மாமாவுக்கு,

வேலை இருந்தது, தூக்கம் இல்லை, அதனால்தான் தாமதம். பயந்திருப்பீர்கள். முதலில் இதைப் படியுங்கள்: கழுத்தில் துளை போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை போட்டேன். மிஸஸ் டெட்டே கட்டிலுக்கு அந்தப் பக்கம் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். கின்னரி தொடங்கியது. வெளியே எங்களுக்குச் சன்னமாகக் கேட்டது. "ஐயோ, இது என்ன, கதவு கீல் சத்தமா?" என்றார் அவர். நாடி ஏறவில்லை. அப்படியே நின்றது. பிறகு ஒவ்வொரு படியாக இறங்கியது. நான் அம்மாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் விரிந்து மெத்தைமேல் கிடந்தன. அசையவில்லை.

அன்று ராத்திரியும் மறுபடி அதையே போட்டோம். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். திங்கட்கிழமை காலை முழுசாக விழித்தாள். பாட்டு முடிந்து உங்கள் இருமல் வருகிறதே, அதுவரை கண்ணை மூடியிருந்தவள் அப்போதுதான் திறந்து வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

கட்டை நான் அவிழ்க்கலாமா என்று கேட்டேன். விதியைப் பார்க்காமல் மிஸஸ் டெட்டே தலையை ஆட்டினார். மணிக்கட்டில் வடு இருக்கிறது, மாமா. எண்ணெய் தடவிவிட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

குழாய் இருந்ததால் பேச முடியாது. எழுத ஒரு சிலேட்டு கொடுத்தேன். தண்ணீர் கேட்பாள், இல்லை உங்களை விசாரிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுதியது இது. பார்த்து அப்படியே எழுதுகிறேன்:

மி மி ரே | டோ — — — | லா — —

அந்தக் கோடுகளை அழுத்தி அழுத்தி இழுத்தாள். சாக்பீஸ் உடைந்தது. மிச்சத் துண்டால் மறுபடியும் இழுத்து, சிலேட்டை என் பக்கம் தள்ளி, வாசலைக் காட்டினாள். உங்களிடம் சேர்க்கச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள்மேல் கோபமாக இருக்கிறாளா?

செவ்வாய்க்கிழமை குழாயை எடுத்துவிட்டார்கள். அவளே மூச்சு விடுகிறாள். குரல் மட்டும் உமி உரசுவது போல் இருக்கிறது. திரும்பப் பாட முடியுமா என்று டாக்டரைக் கேட்டேன். "பேசட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். முதல் நாள் அவளுக்குக் குழுவின் பாட்டைப் போடாமல் இருந்திருந்தால் இத்தனை நாள் அந்தக் குழாய் இருந்திருக்காது. இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்ல முடியும். நீங்களும் நானும்தான் அவளுக்குப் பாட்டுப் போட்டவர்கள்.

வாருங்கள் மாமா. வாசலைப் பார்க்கிறாள்.

அஃப்ரியே.



குமாசி, ஆஸ்பத்திரி மரத்தடி,
மே 22, காலை.

அஃப்ரியே,

இதை உன் வார்டைப் பெருக்குகிற அம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் கீழேதான் இருக்கிறேன். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் பாய் விரித்துப் படுத்திருக்கிற மரத்தடியில், சட்டி கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில். நேற்றே வந்துவிட்டேன். படிக்கட்டு வரை போனேன், திரும்பிவிட்டேன். ஸலிஃபுவும் வந்திருக்கிறான். தன் நோயாளியைப் பார்க்க வேண்டுமாம். இப்போதே பக்கத்துப் பாயில் ஒரு கிழவருக்கு என்ன வியாதி என்று விசாரித்து, "உனக்கு என்ன பாட்டு புடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். உங்கள் டாக்டரிடம் சொல்லிவை, வேலைக்கு ஆபத்து.

ட்ரம்பெட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். வெறுங்கையோடு ஓர் ஊருக்கு வருவது எனக்கு இதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சிலேட்டில் இருப்பது என்ன என்று கேட்டிருந்தாய். துணி மடிக்கும் பாட்டின் இரண்டாவது வரியின் சுரங்கள். அந்தக் கோடுகளுக்கு 'நிறுத்திப் பிடி' என்று அர்த்தம். செத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு கிடந்தபோதும் நான் ஓடியதை அவள் கேட்டிருக்கிறாள். கோபமா என்றாயே, கோபம்தான். இருக்கட்டும். நீயும் நானும் அதைப் பங்குபோட்டுக்கொள்வோம். பெரிய பங்கு என்னுடையது, வயதில் மூத்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன். மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவும்போது அவள் கண்ணைப் பார், மருமகளே. என் மாதிரி படிக்கட்டிலிருந்து திரும்பிவிடாதே.

அவள் விழித்திருக்கும்போது வந்து என்னைக் கூப்பிடு. நீ வந்து கையைப் பிடித்தால் படி ஏறிவிடுவேன்.

அதற்கு முன் இதை அவளிடம் சொல்லிவிடு. சிலேட்டைப் பார்த்தேன். அந்த வரியைச் சரியாக நிறுத்தி ஊதப் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என் மண்டைக்கு அது ஏற இன்னும் இருபது வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் அவள் காத்திருக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

யாவ்.